ஈற்றுயிர் கெடும்

மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எனக்கு.
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
கம்ப்ரஸர் ஓடும்போது யார் பேசினாலும்
வாயசைவு மட்டும்தான்.
அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து
வீணாய்ப்போன டோக்கன் புத்தகங்களின் முதுகில்
யாரும் பேசாத ஒரு பாஷைக்குத்
தாயும் இரண்டு பிள்ளைகளும் செய்துவருகிறேன்,
நாலு வருஷமாக.

பிள்ளைகளை எங்கே குடிவைப்பது என்று
யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்,
நடுவில் தண்டவாளம்.

வடக்கு நிதானம். வத்தைக்கு வத்தை
முணுமுணுத்தாலே போதும்.
அதனால் இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்ட ககரம்
அங்கே உப்பாய்க் கரையும்.
தெற்கில் கச்சான்.
கூப்பிட்டால் சொல்லின் வாலைக்
காற்று கொண்டுபோய்விடும்.
தெற்குக்கு ஒரே சூத்திரம் எழுதினேன்:
ஈற்றுயிர் கெடும்.

தண்ணீருக்குத் தாய்மொழியில் நெகுமா.
வடக்கில் அது நேமா, தெற்கில் நெகும்.
அந்த இரவு தனியாகச் சிரித்தேன்.
கணவாய்க்கு அகலி என்று வைத்திருந்தேன்.
வடக்கே ஆலி ஆனது, தெற்கே அகல்.
ஒரு கையில் ஆலங்கட்டி, ஒரு கையில் விளக்கு,
தமிழ் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.
அடித்துவிட்டேன்.
கணவாய்க்கு இன்னும் பெயரில்லை.

ஆபரேட்டர் நைனா முகம்மது எட்டிப்பார்த்து
"லாட்டரி நம்பரா?" என்று கையால் கேட்பான்.
ஆமாம் என்று தலையாட்டுவேன்.

பிறகு வினைச்சொல்லுக்கு வந்தேன்.
பெலக்: போனான். போய்த் திரும்பி
வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கிறான்.
பெலகி: போனான். இன்னும் கரை காணவில்லை.
இறந்தகாலமும் அல்ல, எதிர்காலமும் அல்ல.
இதைச் செய்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வம்.
தமிழிலேயே இல்லாத விகுதி.

வடக்கில் பெலகி, பெலை ஆகிப் பிழைத்தது.
தெற்கில்
சூத்திரம் தன் வேலையைச் செய்தது.
பெலக்.
பெலக்.

பேரேட்டில் நூற்றுப்பதினாலாம் பக்கம் வியாகுலம்.
ஆனியில் தெற்கே போன வல்லம்.
நாலு கட்டி ஐஸ், ரூபாய் அறுநூறு, கடன்.
"ஆள் போயாச்சு, பக்கத்தை முடி"
என்று முதலாளி ஆவணியிலேயே சொல்லிவிட்டார்.

ஒரு விதிவிலக்கு எழுதினால் போதும்,
இந்தச் சொல்லில் மட்டும் கெடாது என்று.
பேனா திறந்தே இருந்தது.
ஆனால் ஒலி மாறுவது ஆள் பார்த்து மாறுவதில்லை.
ஒன்றைக் காப்பாற்றினால்
மீதி நானூறு சொல்லும் வரிசையில் வந்து
எங்களை ஏன் விட்டாய் என்று கேட்கும்.
மூடிவைத்தேன். ஒரு மாதம் தொடவில்லை.

சனிக்கிழமை தோறும் பிரகாசி ஐம்பது ரூபாய் கொண்டுவருவாள்.
பன்னிரண்டு சனிக்கிழமையில் கடன் தீர்ந்தது.
பதின்மூன்றாவது சனிக்கிழமையும் வந்தாள்.
"தீர்ந்துபோச்சும்மா."
"பக்கத்த மூடிராதீங்க" என்றாள்,
கம்ப்ரஸரை மீறிக் கத்தி,
"நானே இன்னும் கதவுக்கு நாதாங்கி போடல."

கதவுக்குத் தாய்மொழியில் தபெரு.
தெற்கில், சூத்திரப்படி, தபெர்.
பெலக் தபெர்.
போனான், கதவு.

விடிவதற்குள் இருநூறு வருஷம் ஓட்டிப்பார்த்தேன்.
வாய்கள் அதைத் தேய்க்கத் தொடங்கின.
பெலத்தபெர்.
பெலத்தெர்.
அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு
அதற்குள் ஒரு கதவு இருப்பது தெரியாது.
விகுதி என்று எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்குவார்கள்.
வடகரைக்காரர்கள் கேட்டு,
எங்களுக்கு இரண்டெழுத்தில் முடிவதற்கு
இவர்களுக்கு ஏன் இத்தனை நீளம் என்பார்கள்.

ஐந்து மணிக்கு ஐஸ் உடைக்கும் மெஷின் போட்டார்கள்.
நூற்றுப்பதினாலாம் பக்கத்தைத் திருப்பி
ஐம்பது ரூபாய், வரவு.
விவரம் என்ற கட்டத்தில்
முன்பணம் என்று எழுதினேன்.