உறவினர் பெயர்

காலை ஏழு மணிக்குத் தலைமையகத்திலிருந்து தொலைபேசி:
அகதி என்ற சொல் எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது.
எழுதியிருந்தால் அடிக்க வேண்டாம்,
தாளையே மாற்றிவிடுங்கள்.

பிரிவுத் தலைவர் துவான்
சன்னல் வழியே கரும்புக் காட்டைப் பார்த்தார்.
வெட்டி முடித்த பாத்திகளில்
ராத்திரியோடு ராத்திரியாக முளைத்த நீலத் தார்ப்பாய்கள்.
"எல்லையோரத்துச் சனங்கள்,
சொந்தக்காரர்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.
முன்பும் வருவார்கள்தானே,
தேயிலை விற்க, கல்யாணம் காட்சிக்கு?"

வருவார்கள்தான்.
வீட்டுக் கதவைச் சுமந்துகொண்டு யாரும் வந்ததில்லை.
ஏன் என்று கேட்டேன் அந்த ஆளை.
பூட்டு இதில்தான் இருக்கிறது என்றார்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
மலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்குத் தாஆங் என்று பேர்,
இந்தப் பக்கம் என் அடையாள அட்டையில் தேஆங்.
எல்லைக் கல்லை நட்டவர்கள்
பேரையும் கொஞ்சம் செதுக்கிக்கொண்டார்கள்.
தண்ணீருக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல்.

லுவே மோவ், வயது இருபத்தாறு, பிள்ளைகள் இரண்டு.
இடுப்பு வளையங்களைக் கழற்றித்
துணியில் சுற்றி வைத்திருந்தாள்.
நடந்தால் சத்தம் போடுமாம்.
படிவத்தில் ஐந்தாவது கட்டம்:
இந்தப் பக்கம் யாரைப் பார்க்க வந்தீர்கள்?
நான் கேட்டேன்.
தெரியாத பாஷையில் கேட்டதுபோல் பார்த்தாள்.
யாருமில்லை என்றாள்.

யாருமில்லை என்று எழுத அதில் இடமில்லை.
கட்டம் காலியாக இருந்தால்
நான்கு மணி லாரியில் திரும்பிப் போகவேண்டும்.
ஜாவ் யூயுவே, என்று எழுதினேன்.
என் பெயர்.
உறவுமுறை: சின்னம்மா மகள்.

கதவுக்காரர் எனக்குத் தாய்மாமன் ஆனார்.
பிறகு ஒரு நாத்தனார், ஓர் ஓரகத்தி,
மூன்று கொழுந்தன்கள்
(எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை),
பங்காளிகள் ஏழு பேர்.
முறைகள் தீர்ந்ததும் முதலிலிருந்து தொடங்கினேன்.
மதியத்துக்குள் நாற்பத்தொரு பேர்
என்னைப் பார்க்க வந்திருந்தார்கள்.

மூன்று மணிக்குப் பேச்சுவார்த்தை.
மேசையில் இரண்டு குட்டிக் கொடிகள், ஒரு தட்டு ஆரஞ்சு.
அங்கே சண்டை எதுவும் இல்லை,
சாலையைச் சுத்தம் செய்கிறோம், என்றார் வந்திருந்த அதிகாரி.
தேநீர்க் கோப்பையின் பீங்கான் மூடி
கிடுகிடுவென்று ஆடியது.
அது அடங்கும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தோம்.
இங்கேயும் ஓடிவந்தவர்கள் யாரும் இல்லை, என்றார் துவான்.
இரண்டையும் ஒரு சொல் சிந்தாமல்
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அதற்குத்தான் சம்பளம்.

இருட்டிய பிறகு படிவங்களைப் புரட்டினார் துவான்.
"உங்கள் குடும்பம் ரொம்பப் பெரிசு."
நான் பேசவில்லை.
முத்திரையை மையில் ஒற்றினார், நிறுத்தினார்.
"இந்தக் கதவுக்காரருக்கும் உனக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம்.
மாமன் என்றால் மேலே நம்பமாட்டார்கள்.
அண்ணன் என்று மாற்று."

பதினோராம் நாள் உத்தரவு வந்தது,
விருந்தாளிகள் பார்த்து முடித்துவிட்டார்கள் என்று.
படிவத்தின் பின்பக்கத்தை நான் கவனித்திருக்கவில்லை.
வழியனுப்பும் உறவினர் கையொப்பம்.
நாற்பத்தொரு தடவை போட்டேன்.
கடைசியில் என் பெயரே எனக்குக் கோணலாகத் தெரிந்தது.

லுவே மோவ் வளையங்களை அணிந்திருந்தாள்.
இனி ஒளிய என்ன இருக்கிறது?
லாரியில் ஏறும்போது கலகலவென்று சத்தம்.
ஒருமுறை நீயும் வீட்டுக்கு வந்து போ, என்றாள்.
விருந்துக்கு வந்தவர்கள் சொல்வதுதான்.

கதவை மட்டும் ஏற்ற விடவில்லை, இடமில்லையாம்.
அலுவலக வராந்தாவில் சாய்ந்து நிற்கிறது.
அதை அப்புறப்படுத்தச் சொல்லி
இரண்டு குறிப்புகள் வந்துவிட்டன.
துவான் போகும்போதும் வரும்போதும்
அதைச் சுற்றித்தான் நடக்கிறார்.