நான்காம் மாடிப் படி

கடைசிப் படகு பதினொன்று பத்துக்கு.
டிக்கெட் கூண்டைப் பூட்டி, சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு
கிளைபேடாவின் ஜனவரிக் காற்றில் முகமெல்லாம் உப்பெரிய
வீடு வந்து பைக்குள் கைவிட்டால்
சாவி இல்லை.
சீப்பு இருக்கிறது. பாதி தின்ற ரொட்டி.
காகிதத்தில் சுற்றிய புகைமீன்.

மணியை அழுத்தப் போன விரல்
அந்தரத்தில் நின்றது.
தூமாஸ்.

எங்கள் மொழியில் புகை என்று பொருள்.
சாம்பல் உருண்டையாக வந்த அன்று வைத்த பெயர்.
பதினான்கு வயதாகிறது.
இடுப்பெலும்பு தேய்ந்து, படுத்தாலும் வலி, எழுந்தாலும் வலி.
மூன்று இரவுகளாக
அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தன
அதன் நகங்கள்.
நான் 'அது' என்பேன்.
அல்விதாஸுக்கு 'அவன்'.

சாவி மறந்துட்டேன், கதவைத் திற, என்று அனுப்பினேன்.
வெகுநேரம் கழித்துப் பதில்,
இடக்கையால் தட்டிய எழுத்துப்பிழைகளோடு:
தூங்கிட்டான். என் கால் மேல. இப்பதான்.

வா என்றும் இல்லை, இரு என்றும் இல்லை.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.
படியில் உட்கார்ந்தேன்.

எங்கள் படிக்கட்டு விளக்கு ஒரு கஞ்சன்.
அசைகிறவர்களுக்கு மட்டும்தான் வெளிச்சம்.
நிமிடத்துக்கு ஒருமுறை
யாருமற்ற சுவருக்குக் கையசைத்து
எரியவைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து செய்திகள் வந்தன.
டீ ஆறிப்போச்சு. எட்டலை.
ரிமோட் தரையில. டிவில யாரோ பீட்ரூட்
நறுக்கிக்கிட்டே இருக்காங்க.
ஜன்னல் திறந்திருக்கு.
பிறகு: குறட்டை விடறான்.
அதை மட்டும் இரண்டு தரம் அனுப்பியிருந்தான்.

காலை நாலரைக்கு அவன் துறைமுகத்தில்
கிரேன் ஏற வேண்டும்.

இருபத்திரண்டு வருடத்தில்
இந்த மனிதன் அசையாமலிருந்து நான் பார்த்ததில்லை.
வில்னியூஸ் பேருந்தில் அவன் தோளில் கண்ணயர்ந்தால்
கௌனாஸ் வருமுன் தோளைக் குலுக்கி
"வலிக்குது ரமூனே" என்பான்.
கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கப் பழகிக்கொண்டேன்.
இப்போது
முப்பது கிலோ நாய்க்கு அடியில்
ஒரு கால் பாறையாகிக் கிடக்கிறது.
பொறாமை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
சிரியுங்கள்.
பிட்டம் உறைகிற சிமெண்டுப் படியில்
நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு ஔரிமாஸ் வந்தான்,
ஐந்தாம் மாடி, தோளில் சைக்கிள்.
என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்.
"சண்டையா?"
"இல்லை. நாய் தூங்குது."
இழவு கேட்டவன்போல் தலைகுனிந்தான்.
டிக் டிக்கென்று சுற்றிய சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான்.
பூட்ஸைக் கழற்றி அக்குளில் இடுக்கி
பூனைபோல் என்னைக் கடந்து ஏறினான்.
ஒரு காலுறையில் ஓட்டை. கட்டைவிரல் வெளியே.
மேலே போனபின், எனக்காக,
அங்கிருந்தே ஒருதரம் கையசைத்து
விளக்கை எரியவிட்டுப் போனான்.

நாங்கள் எத்தனை பேர் என்று அப்போது யோசித்தேன்.
இந்த நகரத்தில், இந்த நேரத்தில்
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு,
கட்டிலின் ஓரத்து ஒருசாண் இடத்தில்,
போர்வையை இழந்து, கழுத்து திருகி,
பூனை கிடக்கும் ஸ்வெட்டரைப் போடாமல் குளிரில்.
யாரும் கேட்கவில்லை.
தூங்குகிறவை எதையும் கேட்பதில்லை.

ஒன்றே காலுக்கு
கதவின் அடியிடுக்கில் ஒரு மூக்கு
காற்றை இழுத்தது.
புகைமீன்.
ஒரே ஒரு குரைப்பு, கிழக்குரலில்.
அப்புறம் தொப்பென்று சத்தம்.

"அல்விதாஸ்?"
"கால் மரத்துப்போச்சு. விழுந்துட்டேன்.
எழுந்திரிக்க முடியலை, இரு."

காகிதத்தைப் பிரித்தேன்.
விரல் மெலிவுக்கு ஒரு துண்டு கிள்ளி
இடுக்கில் தள்ளினேன்.
இழுத்துக்கொண்டது.
இன்னொன்று.
கதவை வால் அடிக்கிறது, தட், தட்,
அதற்குப் பின்னால் எங்கோ தரையில்
ஒரு ஆள் தன் காலைத் திட்டிக்கொண்டு தவழ்கிறான்.

விளக்கு அணைந்தது.
இரண்டு கையிலும் மீன்.
"மெதுவா வா" என்றேன் இருட்டில்.