மூடியின் உட்பக்கம்

நாவலப்பிட்டி பழைய கடைவீதியில்
என் தேத்தண்ணிக் கடைக்கு நேரெதிரே
மரியசூசை மலர்ச்சாலை.
மலர் ஒன்றும் கிடையாது.
ஏழு பெட்டி, ஒரு ஒஸ்டின் கார்,
கத்தரிப்பூ நிறக் கோட்டில் ஒரு மனுசன்.

"சாவுக்குக் கறுப்பா?
செத்தவருக்கே இருட்டு போதும், பவளம்,
நமக்கு எதுக்கு?"
சீப்பை எடுத்து
நனைந்த மீசையைச் சீவுவார்.

ரயில் வரும் நேரம் வாசலில் நின்று
இறங்கி வருகிற ஆட்களைப் பார்த்து
"அஞ்சடி நாலு" என்று முணுமுணுப்பார்.
பயந்து என் பக்கமாய் ஒதுங்குவார்கள்.
எனக்கு அதில் வியாபாரம்.

காலையில் கலியாணம், பின்னேரம் சாவு,
ஒரே கார்தான். ரிப்பன் மட்டும் மாறும்.
ஒருநாள் மாற்ற மறந்து
ரோஸ் ரிப்பனோடே தொலஸ்பாகை மலையேறி
லயத்து வாசலில் போய் நின்றார்.
காத்தாயி ஒப்பாரியை நிறுத்திப் பார்த்தாளாம்.
"கட்டினப்போ நடந்துதானே வந்தோம்,
போறப்பவாவது அவருக்கு ரிப்பன் இருக்கட்டும்" என்றாளாம்.
இதை அவர் சொல்லி நான் கேட்டது
எத்தனை தரமோ.
ஒவ்வொரு தரமும் மலை கொஞ்சம் உயரும்.

கணக்குப் புத்தகம் வைத்ததில்லை.
கடனுக்குப் பெட்டி கேட்டு வருவார்கள்.
சம்பள நாள் தள்ளி இருக்கும்,
பிணம் இருக்குமா?
சோக்கட்டியால் மூடியின் உட்பக்கம்
பேரும் தொகையும் எழுதி
மூடிவிடுவார்.
"கணக்கு பத்திரமான இடத்துல இருக்கு."
பியசேன முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்,
பலகைப் பாக்கி அவருக்குத்தானே வரவேணும்.

போன ஐப்பசி அடைமழையில்
கோட்டோடேயே போய்விட்டார்.
கடைசிப் பெட்டி அவருக்கென்று வைத்திருந்தது,
கழுத்துப்பட்டி அடுக்கும் அலுமாரியாக.
சிவப்பும் கிளிப்பச்சையும் அள்ளி வெளியே போட்டு
மூடியைத் திருப்பினால்
எழுத்து. பழசும் புதுசுமாய்.

பியசேன, பலகை, முப்பதாயிரம்.
ஹனீபா நானா, பித்தளைக் கைப்பிடி நாலு சோடி.
காத்தாயி, ஒரு கதை.
பவளம், பிளேன்டீ,
ஆயிரத்து நூற்றுப் பதினொன்று.

பியசேன முதலாளி எச்சில் தொட்டுத்
தன் வரியை அழித்தார்.
நானா மழையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

நான் சோக்கட்டி கேட்டேன்.
என்னத்துக்கு என்று விளங்காமல் தந்தார்கள்.
பிழையான கணக்கு அது.
மழைநாளில் இரண்டாவது கோப்பையை
அவர் எண்ணுவதே இல்லை,
நான் எண்ணியிருந்தேன்.
நூறை அடித்து
நானூறு என்று போட்டேன்.

பிறகுதான் ஆணி இறங்கியது.