பத்தரை மணிச் சாப்பாடு

சனிக்கிழமைகளில் பத்தரைக்கு விசில் ஊதும்.
நாலரை மணிக்கு ஒரு பிளேன்ரீ, இரண்டு மாரி பிஸ்கட்.
அதற்குப் பிறகு வயிறு
எங்களோடு பேசுவதில்லை.
கவசச் சட்டைகளைக் கழற்றி வெயிலில் விரித்துவிட்டு
ஒட்டுசுட்டான் சந்திக்கு வருகிறோம்,
ஏழு பெண்களும் சாரதி நவரத்தினமும்.

மற்றக் கடைகளில் இந்த நேரத்துக்கு ஒன்றுமில்லை.
காலைச் சாப்பாடு முடிந்துவிட்டது,
மத்தியானம் இன்னும் அடுப்பில்.
கண்ணாடிப் பெட்டிக்குள் நேற்றைய றோல்சுக்கு
ஒரு இலையான் காவல்.
அன்ரனிதாஸ் மட்டும்
பத்தரைக்கென்றே ஒரு சாப்பாடு வைத்திருக்கிறார்.
அதற்குப் பெயரில்லை.
‘இரண்டுக்கும் நடுவிலை எட்டு’ என்றால்
பரிமாறுகிற பெடியனுக்கு விளங்கும்.

சுவரில் கரும்பலகை.
எது எங்கேயிருந்து வந்தது என்று
அவர் மனைவி சோக்கட்டியால் எழுதுவா,
பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில்.

ஜப்பான் மீன்: முத்தையன்கட்டு, இன்று விடியப்புறம்.
புட்டு மா: கூழாமுறிப்பு மொட்டைக்கறுப்பன்.
எருமைத் தயிர்: கருவேலன்கண்டல்.
தேன்: காடு. அதற்கு மேல் கேட்க வேண்டாம்.
கத்தரிக்காய்: சிவபாக்கியம் தோட்டம், பனையடி ஒழுங்கை.

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

பனையடி ஒழுங்கை எங்கள் வரைபடத்தில் இல்லை.
எங்களுக்கு அது பகுதி பதினாலு.
மேற்கு மூலையில் பாதி எரிந்த பனை,
இடிந்த கிணற்றுக் கட்டு,
கட்டிலிருந்து மூன்று மீற்றரில் ஒன்று,
ஐந்தரையில் இன்னொன்று,
பிறகு பதினொரு மாதம்
ஒன்றுமே இல்லை என்று உறுதி செய்வதற்கு.
ஒரு நாளைக்கு எட்டுச் சதுர மீற்றர், முழங்காலில்.
அந்த மண் நகத்துக்குள் போனால்
மூன்று நாள் கழுவினாலும் போகாது.
கையளித்த அன்று சிவபாக்கியத்தைக் கண்டேன்.
கையெழுத்துப் போட்டா,
தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா,
வேலிக்கு உள்ளே கால் வைக்காமல் போய்விட்டா.

எப்போது வைத்தா?

புட்டு வந்தது. முருங்கையிலை வறை வந்தது.
மொறுமொறுவென்று மீன்.
கத்தரிக்காய் பொரித்துப் பால் விட்டு
ஒரு சின்னச் சட்டியில், கடைசியாக.
கோகிலவாணிதான் வாயைத் திறந்தாள்:
“அண்ணை, காசிலை ஏதும் கழிப்பியளோ?
இது நாங்கள் கிண்டின தோட்டம்.”
அன்ரனிதாசுக்கு விளங்கவில்லை.
“கொத்தினதோ? எத்தினை நாள் கூலிக்கு?”
மேசை முழுக்கச் சிரித்தது.
அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.
“கொஞ்சம் கசக்கும் பிள்ளையள்,” என்றார்.
“முதல் காய்ப்பு.”

கசந்தது.
இரண்டாம் தரமும் வாங்கினோம்.

மீனில் என் விரல்
தானாகவே மெதுவாகப் போகிறது,
ஓரத்திலிருந்து, சாய்வாக,
தட்டுப்படுகிற எதையும் தள்ளாமல்.
“சாப்பிடடி,” என்கிறாள் சுகிர்தா,
“அது வெறும் மீன் முள்ளு.”

பதினொன்றேகாலுக்குக் கத்தரிக்காய் முடிந்துவிட்டது.
பெடியன் கதிரையில் ஏறி
அந்த வரிக்கு மேலால் ஒரு கோடு இழுத்தான்.
பின்னால் வந்த பாங்க்காரருக்குக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை பகுதி பதினைந்து.
ஊரில் அதற்கு என்ன பெயரென்று தெரியாது.
சொந்தக்காரர் அதில் எதைப் போடுவார்?
கையைத் துடைத்தபடி பந்தயம் கட்டுகிறோம்,
தோற்பவள் எல்லாருக்கும் தயிரும் தேனும்.
கோகிலவாணி வெண்டி என்கிறாள்.
நான் பயத்தங்காய்.
வாகனத்தைத் திருப்பிக்கொண்டே
நவரத்தினம் கேட்கிறார்:
ஏன், அந்தாள் ஆடு வளர்க்கக் கூடாதோ?