கேட்டு

நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு.
இருபத்தெட்டுப் பையன்கள், பதினொரு பெண்கள்.
டப்பாவில் மிச்சம்
கால் ஒடிந்த ஏழெட்டு சிப்.
லேப் அசிஸ்டென்ட் நான்தான் என்பதால்
கொரடாச்சேரியில் பஸ் ஏறினேன்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தார்கள்.
போட்டால் போட்டதுதான்.
நெல் மூட்டை ஏற்றிய பெட்டிகளை
என்ஜின் முன்னே போய்ப் பின்னே வந்து
ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தது.
"ஈரம் கூடுதல்னு என் நெல்ல மட்டும் வேணாம்னுட்டான்" என்றார்
பின் சீட்டில் ஒருவர், யாரிடமும் இல்லாமல்.
ஐப்பசி மழை கண்ணாடியில் கோடு போட்டது.
அவித்த கடலைக்காரி மூன்று தடவை ஏறி இறங்கினாள்.
கைப்பைக்குள் என் பட்டியல்:
ஆண்ட் கேட், செவன்டி ஃபோர் ஜீரோ எய்ட், நாற்பது.
ஒன்று உபரி.

தஞ்சாவூரில்
குடை ரிப்பேர்க்காரனுக்கும் ஜெராக்ஸுக்கும் நடுவே
பரக்கத் ரேடியோஸ்.
ரேடியோ ஒன்றுகூடக் கிடையாது.
தில்ஷாத் இழுப்பறையைத் திறக்காமலே சொன்னாள்:
"ஆண்டு இல்ல. வல்லத்துக் காலேஜ்காரங்க
போன வாரமே அள்ளிட்டுப் போய்ட்டாங்க.
நாண்டு இருக்கு."
நாண்டுகொள்ள வேண்டியதுதான், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
என் பஸ் டிக்கெட்டை வாங்கி
முதுகில் இரண்டு அரைவட்டம் வரைந்தாள்,
மூக்கில் ஆளுக்கொரு புள்ளி.
"ரெண்டு பேரும் ஆமான்னா இது இல்லைங்கும்.
அந்த இல்லையக் கொண்டுபோய்
இன்னொரு நாண்டுக்கு ரெண்டு கால்லயும் கொடுங்க.
அது இல்லைக்கு இல்லைங்கும்.
ஆண்டு வந்துடுச்சா?"
வந்துவிட்டது.
ஒன்பது வருஷமாக நான் பையன்களுக்குச் சொல்வதுதான்.
கடைக்காரி சொன்னால் புதிதாக இருக்கிறது.

நகப்பூச்சு அழிக்கும் பஞ்சால்
சிப்பின் தலையைத் தேய்த்தாள்.
எண் அழியவில்லை. அசல்.
ஒரு குழாய் முழுசாக இருபத்தைந்து,
இன்னொன்றிலிருந்து பதினைந்து எண்ணித் தள்ளினாள்.
கறுப்புப் பூரான்கள் போல வரிசையாக வழுக்கி வந்தன.
"சும்மா கெடக்கற காலத் தரையில கட்டச் சொல்லுங்க.
கட்டாம விட்டா அதுவே ஆமான்னு எடுத்துக்கும்."

தெரியும்.
வருஷா வருஷம் ஜூன் மாதம்
"அதே சம்பளம்தானேம்மா?" என்று பிரின்சிபால் கேட்பார்.
நான் மேஜைமேல் இருக்கிற பேப்பர்வெயிட்டைப் பார்ப்பேன்.
ஆர்டர் வந்துவிடும்,
தொகுப்பூதியம், தற்காலிகம், ஆம்.

எழுநூற்று இருபது ரூபாய்க்கு
மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று
கொஞ்சம் கூசியபடி சொன்னேன்.
இதற்குமட்டும் இழுப்பறை திறந்தாள்.
மூடிப்போன மாமனார் கடையின் லெட்டர்பேடு,
மிக்ஸி ரிப்பேர் செய்யும் கொழுந்தன் லெட்டர்பேடு.
ஒன்றில் சாய்த்து எழுதினாள், எண்ணூற்று எண்பது.
மற்றதில் நிமிர்த்தி எழுதினாள், தொள்ளாயிரம்.
மூன்றும் இருந்தால்தான் ஆபீஸ் வெளிச்சம் போடும்.
அதுவும் ஆண்டு கேட்தான், இல்லாத இரண்டு கடைகளால் கட்டியது.
அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன்.
இந்தத் தடவை அவளும்.

திரும்பும்போது நீடாமங்கலத்தில்
அதே கேட். அதே பெட்டிகளா தெரியாது.
இருட்டிவிட்டது. மழை விட்டிருந்தது.
பிளாஸ்டிக் குழாய் இரண்டும்
மடியில் புல்லாங்குழல்போலக் கிடந்தன.
ஜூனுக்கு எட்டு மாதம் இருக்கிறது.
இருந்தாலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்,
"இல்லை சார்."

கடலைக்காரி என் சீட்டருகே நின்றிருந்தாள் போல.
"சரி, வேணாம்னா போ" என்று இறங்கப் போனாள்.

"இல்லைங்க, இல்லை,
உங்களை இல்லை" என்று
எழுந்தே விட்டேன்.
அவள் திரும்பி வந்து
ஒரு படி அளந்து
மேலே ஒரு கை போட்டாள்.
சூடாக இருந்தது.