பத்து வெள்ளி

பகாவ் செம்பனை ஆலையில் நான் எடைமேடைக் கிராணி.
லோரி உள்ளே வரும்போது ஒரு எடை,
குலைகளைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை.
கழித்து வருவதுதான் பழம்.
நடுவில் கிடைக்கும் நிமிடங்களில்
பழைய ரசீதுகளின் முதுகில்
ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

கதையில் ஒருவர்
வாழ்நாளில் இரவல் வாங்கியதையெல்லாம்
ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறார்.
ஒரு குடை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு.
கல்யாணத்தன்று போட்ட கோட்டு.
பெயர் வைக்கவில்லை இன்னும்.
வேலை மட்டும் கொடுத்திருந்தேன்: லோரி ஓட்டுகிறார்.

குடையை எழுதி முடித்த மறுநாள்
ரொஸ்னா அக்காவின் நாசி லெமாக்கைப் பிரித்தால்
சம்பல் எண்ணெய் ஊறிய தாளில்
மூவார் நூலகத்துக்கு
முப்பத்தோரு வருடம் கழித்து வந்து சேர்ந்த ஒரு புத்தகம்.
தேதி பார்த்தேன். மூன்று வாரம் பழசு.
நான் பேனா எடுக்கும் முன்பே
இது நடந்து, அச்சாகி, விற்று,
கிலோக் கணக்கில் கடைக்குப் போயிருக்கிறது.
நான்தான் தாமதம்.

பிறகு நிற்கவில்லை.
ரவூப்பில், விற்றுவிட்ட நாய்
நாற்பது மைல் நடந்து பழைய வாசலில் படுத்துக்கொண்டது.
கோலா பிலாவில் வெள்ளம் வடிந்த வயலில்
போன மழையில் அடித்துப்போன மோட்டார் சைக்கிள்,
சாவியோடு.
வானிலை அறிக்கைகூட
பருவமழை சீக்கிரம் திரும்புகிறது என்றது.
அந்தத் 'திரும்புகிறது'க்கு அடியில் கோடு போட்டேன்.

பக்கத்து மேசையில் சம்பளப் பட்டியல் போடும் பவளம் சிரித்தாள்:
"வயிற்றுப்பிள்ளைக்காரி கண்ணுக்கு
ஊரெல்லாம் வயிறு."
சரிதான். அதே தாளில்
கோழி விலை இருந்தது, கட்சிச் சண்டை இருந்தது.
நான் படிக்கவில்லை.
செய்தியின் எடையிலிருந்து என் ஆசையைக் கழித்தால்
எவ்வளவு பழம் மிஞ்சும்?
என் மேடை அதற்குச் செய்ததல்ல.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது.
எல்லாம் கொடுத்தாகிவிட்டது, ஒன்று பாக்கி.
அதையும் கொடுத்துவிட்டு வருகிறார்,
கை காலி, மனசு காலி.
ஆற்றுப் பாலத்து வளைவில் பிரேக் பிடிக்கவில்லை.
நல்ல முடிவு என்று நினைத்தேன்.
கணக்குத் தீர்ந்தவரை
உலகம் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

சனிக்கிழமை மழை.
கடைசி லோரி சன்னாசி அண்ணனுடையது.
உள்ளே பத்தொன்பது டன், வெளியே எட்டு.
ரசீதுக்குக் கை நீட்டியவர்
ஜன்னல் விளிம்பில் ஈர நோட்டு ஒன்றை வைத்தார்.
"தீவாளிக்கு முன்னாடி வாங்குனேன்ல பிள்ளை, பத்து வெள்ளி.
ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் குடுத்துட்டேன்.
நீதான் கடைசி."

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது.
அவர் வீட்டுக்குப் போகும் வழி எனக்குத் தெரியும்.
பாலம். வளைவு.

நோட்டைத் திருப்பித் தள்ளினேன்.
"இப்ப வேணாம்ணே."
"ஏன்?"
"சில்லறை இல்ல."
"பத்துக்குப் பத்து. சில்லறை எதுக்கு?"
"அடுத்த மாசம் குடுங்க. மறக்காம கேப்பேன்."
கிறுக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார்,
நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
கியர் போட்டார்.
பின்விளக்கின் சிவப்பு செம்பனை வரிசைக்குள் கரையும்வரை
மழை விழுந்த மேடையின் திரையில்
பூஜ்யம் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கினேன்,
எண்ணெய் படாததை.
முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்வரை
விரல் வைத்துப் படித்தேன்.
டுரியான் விலை. பள்ளி ஓட்டப்பந்தயம். காணாமல்போன ஒரு கிளி.
நேற்றிரவு பாலத்தை
ஒரு லோரி பத்திரமாகக் கடந்தது என்று
எங்கேயும் போடவில்லை.
போடமாட்டார்கள்.

முடிவைக் கிழித்துவிட்டேன். வேறு முடிவு வரவில்லை.

திங்கட்கிழமை ஏழேகாலுக்கு
ஹார்ன் அடித்துக்கொண்டே மேடையேறியவர்
கண்ணாடியை இறக்கி, நோட்டை எடுத்து ஆட்டிக் காட்டினார்.
இன்னும் இல்லை என்று தலையாட்டிவிட்டு
எடையைக் குறித்துக்கொண்டேன்.