ஒட்டியிருந்த பக்கம்

பள்ளியின் வடக்குச் சுவரோரம்
இன்னும் முழங்கால் அளவு பனி.
தெற்கே சுற்றி வந்தால் ஈ பறக்கிறது.
எஸ்தோனியாவில், எங்கள் வோரு பக்கம்,
இதற்குப் பெயர்தான் ஏப்ரல்.

பிர்ச் மரத்தில் துளையிட்டு
நேற்றே வாளி கட்டிவிட்டோம்.
சொட்டுகிற நீரை நாக்கில் ஏந்தி
"வெறும் தண்ணி" என்றான் உக்கு.
பென்சில் சீவிய கையால் யாரோ
சர்க்கரை கரைத்த மாதிரி இருந்தது எனக்கு.
சொல்லவில்லை.
நான் எதையும் முதலில் சொல்வதில்லை.

நான் விரலால் படிக்கிறவள்.
வரிக்குக் கீழே விரல் வைத்து
எழுத்து எழுத்தாய் நகர்ந்தால்தான்
சொல் என் பக்கம் திரும்பிப் பார்க்கும்.
"நத்தை வருது, வழி விடுங்க" என்பான் உக்கு.
வகுப்பு சிரிக்கும்.
ரீனா டீச்சர் அதட்டுவார்.
அதற்கும் சிரிக்கும்.

நூலகப் பேருந்து கொண்டுவந்த
சமையல் புத்தகத்தை அவன்தான் வாசித்தான்,
ஓடுகிற ரயில் போல:
'காஞ்சொறி சூப்.
மேல் நான்கு இலை மட்டும் கிள்ளவும்.
ஒரு கூடை வேண்டும்.
முட்டையை அவித்து இரண்டாக அரியவும்.'

கூடைக்கும் முட்டைக்கும் நடுவில்
ஒரு தாள் காணாமல் போனதை
யாரும் கேட்கவில்லை.
வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளோ
போன வருஷம் சூப்பைச் சிந்தி
இரண்டு பக்கங்களை ஒட்டவைத்திருந்தார்கள்.
இடைவேளையில் நான் நகத்தால் பிரித்தேன்.
சுரண்டிச் சுரண்டி, விரல் வைத்து, படித்தேன்:
'இளம் இலையிலும் சுணை உண்டு.
கையுறை அணியவும்.'

என் பையில் கையுறை இருந்தது.
வாயில் சொல்லும் இருந்தது.

டீச்சர் உள்ளே அடுப்போடு போராடிக்கொண்டிருந்தார்.
வேலிக்கு அப்பால்
கட்டை விரல் உயரத்தில்
சிவப்பும் பச்சையுமாய்க் காஞ்சொறி.
"கொட்டாதா?" என்றாள் ஹெலே.
"குட்டிக்கு இன்னும் கொட்டத் தெரியாது"
என்று சொன்ன உக்கு
இரண்டு கையாலும் அள்ளினான்.

அவன் கத்தவில்லை.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.
உதட்டைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய்
பிர்ச் நீர் வாளியில்
மணிக்கட்டு வரை கையை விட்டு நின்றான்.
அத்தனை பேரும் குடிக்க வைத்திருந்த நீர்.

நான் கையுறையைக் கழற்றினேன்.
படிக்கிற விரலை மட்டும் நீட்டி
ஒரு கொழுந்தைத் தொட்டேன்.
ஏன் என்று டீச்சர் கேட்டார்.
இன்னும் பதில் தெரியாது.
விரலில் சின்னச் சின்னத் தடிப்பு எழுந்தது,
வெள்ளையாய், வரிசையில்லாமல்,
வாசிக்கத் தெரியாத எழுத்து மாதிரி.

"அந்தப் பக்கத்துல வேற என்ன இருக்கு?"
வாளிக்குள் கையோடு கேட்டான் உக்கு.
எப்படித் தெரிந்ததோ அவனுக்கு.
புத்தகத்தைக் கொண்டுவந்தேன்.
எரிகிற விரலை வரிக்குக் கீழே வைத்தேன்.
'கொ. தி. நீ. ரில். போட்டால்.
சுணை. போய். விடும்.'
ஹெலே கொஞ்சம் சிரித்தாள்.
உக்கு சிரிக்கவில்லை, ஓடவும் இல்லை;
வாளியை விட்டு எங்கே போவான்?

சூப் பச்சையாக இருந்தது,
குளத்தைக் காய்ச்சிய நிறம்.
புளித்த பாலாடை ஒரு கரண்டி,
அரை முட்டை, கறுப்பு ரொட்டி.
மூன்று கிண்ணம் குடித்தான் உக்கு,
பழிவாங்குகிறவன் போல.
மூன்றாவது கிண்ணத்தில்
புத்தகத்தின் மேலேயே சிந்தினான்.

பேருந்து ஹாரன் அடித்தது.
துடைத்தும் ஈரம் போகவில்லை.
மூடினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.
என் இடது கையுறையை
அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் வைத்து
மூடிக் கொடுத்தேன்.

அடுத்த ஊரில் யாரோ
திறப்பார்கள்.

ஒற்றைக் கையுறையோடு வந்ததற்கு
அம்மா கேட்ட கேள்விகளை
இங்கே எழுதவில்லை.